ஆமென் சொன்னவள்

ஜனவரி 11

என் அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் சுகம், கொழுந்தன் சுகம், பிள்ளைகள் இருவரின் சுகம் அறிய ஆசை. சின்னவளுக்கு இருமல் நின்றதா? நீங்கள் கிளம்பிப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. "பட்டாசு போனதும் வீட்ல சத்தமே இல்ல" என்று மாமா தினமும் சொல்லிச் சிரிக்கிறார்.

போனில் பேசியிருக்கலாம். போன் வந்தால் மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்வார் என்பது உனக்கே தெரியும். இது ஸ்பீக்கரில் போடுகிற விஷயம் இல்லை.

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குறை என்னிடம் இல்லை, இவரிடம்தான் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சபையில் ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருத்தி என் வயிற்றைத்தான் முதலில் பார்க்கிறாள், பிறகுதான் முகத்தை. இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. நீங்கள் வந்திருந்தபோது இவர் தம்பி கிளினிக்குக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாரே, அதை உறையவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் எனக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

தன் கணவர் இன்னொருத்தி வயிற்றுப் பிள்ளைக்குக் கொடுப்பதை எந்தப் பெண்தான் தாங்குவாள்? நீ முகம்கூடச் சுளிக்கவில்லை. நீங்கள் கிளம்பும் முன் மாமா குடும்ப ஜெபத்தில் அந்தத் தீர்மானத்துக்காக ஜெபித்தபோது, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நீதான். எந்த ஓரகத்திக்கும் உன் மனசு வராது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. சின்னவளின் இருமல் நின்றுவிட்டது. மற்றபடி இந்த வீட்டில் எதுவும் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை.

உங்கள் கடிதத்தை டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் என்னிடம் ஓட்டக் கற்கிற ஒரு பல் டாக்டர் ரிவர்ஸ் கியரைத் தேடிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு இவ்வளவுதான் சார், இறங்குங்க" என்று நடுத்தெருவில் இறக்கிவிட்டேன். பாவம், அவர் தன் மேல்தான் ஏதோ தப்பு என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வேறு.

அக்கா, எனக்கு எதுவுமே தெரியாது.

ஆமென் சொன்னேன்தான். "பிள்ளைகள் எடுத்திருக்கிற தீர்மானத்தை ஆசீர்வதியும்" என்றார் மாமா. என்ன தீர்மானம் என்று ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்து கேட்கிற வழக்கம் நம் வீட்டில் உண்டா? மாமா ரிட்டயரான பிறகும் உபதேசியார்தான். ஆரம்பித்தால் ஆதாமிலிருந்து வருவார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சத்தமாகச் சொன்னால் முடிப்பார் என்று சொன்னேன். நீங்களும் எத்தனை முறை அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்!

இவரைக் கேட்டேன். ஊரார் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன், டூல் பையைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார்: "ரத்தம் குடுக்குற மாதிரிதானே?"

"ரத்தம் குடுத்துட்டு வந்தா கையில பஞ்சோட வந்து எங்கிட்ட காட்டுவீங்க. இத ஏன் காட்டல?"

"அப்பா உங்கிட்ட பேசிட்டேன்னார். நீயும் ஆமென் சொன்னியே..."

அன்றிலிருந்து இவர் ஹாலில் படுக்கிறார். நான் படுக்கச் சொல்லவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருக்கிறது.

உங்கள் மேல் பழி இல்லை. ஆனால் அந்தத் தேதியை ரத்து செய்யுங்கள். செய்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சி


பிப்ரவரி 2

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தைக் கடையின் பின்னறையில் நின்று படித்தேன். அதற்குப் பிறகு ஒரு அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். சத்தியமாக உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். "சின்ன மருமககிட்ட பேசியாச்சு" என்று மாமா என்னிடமும் சொன்னார். நேற்று அவரையே கேட்டேன். கண்ணை இமைக்காமல் சொல்கிறார்: "தேவ சமுகத்துல ஆமென் சொன்னா. அதுக்கு மேல என்ன சம்மதம் வேணும்?" பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பி சந்ததி எழுப்ப வேண்டும் என்று வேதத்தில் பழைய சட்டமே இருக்கிறதாம். இதில் யாரும் யாரையும் தொடவில்லை, பாவம் எங்கே வந்தது என்கிறார். சித்தப்பாவும் ஒரு அப்பாதானே என்கிறார்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கொடுத்தது கொடுத்தாயிற்று. இனி அது அங்கே உறைந்து கிடந்தால் உனக்கு என்ன லாபம்? எனக்கு முப்பத்தொன்பது வயது. டாக்டர் என் கண்ணைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துப் பேசுகிறார். நீ இரண்டு பெற்றவள். ஒருத்தி மடியிலும் ஒருவன் தோளிலும் தொங்கும்போது நியாயம் பேச நன்றாகத்தான் வரும். என் இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்.

இவ்வளவு கடுமையாக எழுத நினைக்கவில்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதினாலும் இதுதான் வரும் என்பதால் அனுப்புகிறேன்.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் அடுத்த கடிதத்தில்.

"தம்பி கொடுத்தது", "அங்கே உறைந்து கிடப்பது" என்று சுற்றிச் சுற்றி எழுதுகிறீர்கள். விந்து என்று எழுதுங்கள். என் கணவரின் விந்து. எழுதக் கூசுகிற ஒன்றை என்னிடம் கேட்காமல் எடுக்க மட்டும் யாருக்கும் கூசவில்லையே!

மாமாவிடம் சொல்லுங்கள்: அந்தப் பழைய சட்டத்தில் அண்ணன் செத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருக்கிறார், போன ஞாயிறுகூடப் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடியிருப்பார். அந்தச் சட்டத்திலும் மாட்டேன் என்று சொல்ல ஒரு வழி வைத்திருந்தது. அதை மட்டும் மாமா பிரசங்கத்தில் விட்டுவிடுவார். அதே வேதத்தில், பிள்ளைக்காக எஜமானியே தன் புருஷன் கட்டிலுக்கு அனுப்பிய அந்த வேலைக்காரப் பெண்ணின் கதையையும் வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டிலும் எல்லோரும் பக்தியுள்ளவர்கள்தான். அவளிடமும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவளும் பிள்ளையும் வனாந்தரத்தில் தண்ணீரில்லாமல் கிடந்தார்கள்.

யாரும் யாரையும் தொடவில்லையாம். தொட்டால்தான் பாவம் என்றால் பொய் சொல்வது என்ன? யார் உடம்பைத் தொட்டுப் பொய் சொல்கிறோம்? ஒரே மாம்சம் என்று சொல்லி எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தவரே மாமாதான். ஒரே மாம்சம் என்றால் அதில் பாதி என்னுடையது. என் பாதியை எடுக்க அவர் யார்?

இன்னொன்று. நாமெல்லாம் கடவுள் சுவிகாரம் எடுத்த பிள்ளைகள் என்று அவர் பிரசங்கித்து நானே அழுதிருக்கிறேன். நீங்கள் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாமே? கூடாது என்பார் மாமா, ஏனென்றால் "வேற ரத்தம்". கடவுள் வேறு ரத்தத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், உபதேசியார் வீட்டில் மட்டும் ஆகாது!

நான் இரண்டு பெற்று வயிறு நிறைந்தவள் என்கிறீர்கள். அது உண்மை. அதனால் கோபப்படவில்லை. ஆனால் உங்கள் பசிக்காக என்னைக் குருடி ஆக்கிவிட்டுச் சாப்பிட முடியாது.

இல்லை. எனக்குச் சம்மதமில்லை. இதை ஸ்பீக்கரில் போட்டாலும் சரி.

தங்கச்சி


மார்ச் 15

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை வைத்ததில் ஒரே கூட்டம். எல்லாப் பிள்ளைகளுக்கும் சிவப்பு ஃபிரேம்தான் வேண்டுமாம்.

மழை ஒரு வாரமாக விடவில்லை. துணி காயவில்லை. மாடிப்படியில் தண்ணீர் இறங்குகிறது. இவர் வாளி வைத்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் உடம்பு அலுப்பு, வேறொன்றுமில்லை.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

மழையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வாளியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சிவப்பு ஃபிரேம்! எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. போனீர்களா, இல்லையா?

இவரைக் கேட்டால் தெரியாது என்கிறார். அவருக்கு எப்போதுதான் எது தெரிந்தது!

எனக்கு வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் என் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு லாரிக்கு நேரே போனாலும் நிறுத்திவிடுவேன். இந்தக் குடும்பத்தில் காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

பதில் எழுதுங்கள்.

தங்கச்சி


மே 22

அக்கா,

ஏழு வாரமாகிறது. ஒரு வரியில்லை. பேசாமலிருந்தால் பெரிய மனுஷத்தனம் என்று உங்கள் வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தது?

நேற்று வேலையிலிருந்து வந்தால் கட்டிலின் மேல் இவருடைய பை கட்டிவைத்திருக்கிறது. எங்கே என்றேன். மென்று விழுங்கிச் சொன்னார். மாமா போன் செய்தாராம். "இன்னொரு தடவ வந்து குடுத்துட்டுப் போப்பா, உங்கம்மா இருந்தா இதைத்தான் கேட்டிருப்பா" என்றாராம். செத்த அத்தையைக்கூட விடவில்லை! அடுத்த மாதம்தான் பயணம், டிக்கெட்டும் எடுத்து இப்போதே பையும் கட்டியாயிற்று.

இன்னொரு தடவை என்றால், முதல் தடவை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது நீங்கள் போனீர்கள். நான் இல்லை என்று எழுதிய பிறகு, அதைப் படித்த பிறகு, போனீர்கள். போய்விட்டு வந்து எனக்கு மழையைப் பற்றி எழுதினீர்கள்.

மாமா ஏமாற்றினார், தாங்கிக்கொண்டேன். இவர் மறைத்தார், ஹாலில் போய்ப் படுத்தார், விட்டுவிட்டேன். உங்களை என்ன செய்வது? என் சொந்த அக்கா இருந்தால்கூட உங்களை நம்பின அளவு நம்பியிருக்க மாட்டேன்.

வெட்கமாயில்லையா உங்களுக்கு?


ஜூன் 1

தங்கச்சி,

போனேன்.

உன் கடிதம் கைப்பையில் இருக்கும்போதே போனேன். இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு நர்ஸும் டாக்டரும் நானும் மட்டும். முடிந்ததும் சிறிது நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். அப்போது ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். உன் முகம்தான் வந்தது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்று தெரிந்த அன்றுதான் உனக்கு மழையைப் பற்றி எழுதினேன். அலுப்பு என்று எழுதினேனே, அது அதுதான். வேறு என்ன எழுதுவது? உன்னை மீறிச் செய்தேன், ஆனாலும் கிடைக்கவில்லை என்றா? எனக்கு அழக்கூட உரிமையில்லாமல் போய்விட்டது. திருடப் போன வீட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தவள் யாரிடம் போய் அழுவாள்?

வெட்கமாயில்லையா என்று கேட்டாய். இருக்கிறது. அதைவிட அதிகமாகக் கோபம் இருக்கிறது. உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று நீ நான்கு கடிதம் எழுதினாய். என்னிடம் யார் கேட்டார்கள்? தத்தெடுக்கலாம் என்று மூன்று வருஷத்துக்கு முன்பே சொன்னேன். இவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மாமா அன்று மாலை "கீழ்ப்படிதலுள்ள மனைவி" பற்றி அரைமணி நேரம் ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன். தம்பியிடம் வாங்கலாம் என்று அப்பாவும் பிள்ளையும் பேசி முடித்து, சாப்பாட்டு மேசையில் செய்தியாகத்தான் எனக்குச் சொன்னார்கள். என் கர்ப்பப்பையைப் பற்றிய முடிவு எனக்குச் செய்தியாக வந்தது! குறை தன்னிடம் என்பது வெளியே தெரியக்கூடாது, பிள்ளை தன் ஜாடையில் இருக்க வேண்டும், இவருக்கு அவ்வளவுதான். இவ்வளவு தெரிந்தும் நான் சரி என்றேன். ஏனென்றால் எனக்குப் பிள்ளை வேண்டும். இப்போதும் வேண்டும். இதை எழுதும்போதும் வேண்டும்.

தம்பியை மாமா மறுபடி கூப்பிட்டது உன் கடிதம் பார்த்துத்தான் தெரியும். உறையவைத்ததில் அங்கே இன்னும் ஒரு குழாய் மிச்சமிருக்கிறது. இன்னும் ஒரு முறை முயற்சி செய்ய அது போதும், இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

முன்பே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்கிறேன். மாமாவுக்காக இல்லை, இவருக்காக இல்லை, நானே உன்னிடம் கேட்கிறேன். உன் கணவரின் விந்தில் நான் ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா? பிறந்தால் அந்தப் பிள்ளையிடம் மறைக்க மாட்டேன். வேண்டாம் என்று நீ சொன்னால், மிச்சமிருக்கிறதையும் அழிக்கச் சொல்லிவிடுவேன்.

அவசரமில்லை என்று எழுத ஆசைதான். அவசரம்.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? அந்த அலுப்பு தீர்ந்ததா? இதை மார்ச் மாதமே கேட்டிருக்க வேண்டும். நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டுவிட்டதால் சரி சொல்லிவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். சரி சொன்னால் நான் நல்லவள். சபை முழுக்க என்னைத் தூக்கிவைத்துப் பேசாவிட்டாலும் நீங்கள் பேசுவீர்கள், அது எனக்குப் போதும். ஆனால் அதற்குப் பிறகு? பிள்ளை சிரித்தால் இவர் சிரிப்பா என்று பார்ப்பேன். தும்மினால் இவர் தும்மலா என்று பார்ப்பேன். ஏன் நம் அப்பா ஜாடை என்று என் மகன் கேட்டால் அவனிடம் சித்தப்பா, பெரியப்பா என்று கதை சொல்வேன். ஒருநாள் உங்கள் மேலுள்ள கோபத்தை அந்தக் குழந்தை மேல் காட்டுவேன். என்னை எனக்குத் தெரியும் அக்கா. எனக்குப் பட்டாசு என்று சும்மா பேர் வைக்கவில்லை. ஒரு குழந்தையை வெறுத்துவிட்டுத் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்ட என்னால் முடியாது.

அதனால் வேண்டாம். மிச்சமிருக்கிறதும் வேண்டாம், புதிதாகவும் வேண்டாம்.

நீங்கள் மரியாதையாகக் கேட்டீர்கள், நான் கதவைச் சாத்துகிறேன். இது கொடுமை என்று எனக்குத் தெரியும். கேட்டால் கிடைக்கும் என்பதற்காகவா ஒருவரிடம் கேட்பது?

அழிக்க இவர் கையெழுத்தும் வேண்டுமாம், கிளினிக்குக்குப் போன் செய்து விசாரித்தேன். கட்டின பையை நான் பிரிக்கவில்லை. டிக்கெட்டும் இருக்கிறது. 20ஆம் தேதி வருவார். கொடுக்க அல்ல. "உங்கப்பா என்ன சொன்னாலும் அண்ணி சொல்றதுக்குத்தான் கையெழுத்து" என்று சொல்லி அனுப்புகிறேன். தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருப்பார், நீங்கள் ஒரு கண் வையுங்கள்.

தத்தெடுப்பது பற்றி மறுபடி பேசுங்கள். மாமா முன்னால் உங்களோடு நான் வந்து நிற்கிறேன்.

தங்கச்சி


ஜூன் 20

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தைத் தம்பி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். திறந்து படிக்க மாட்டார், அந்தத் தைரியம் அவருக்கு இல்லை.

இவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வீட்டுக்குப் போனால் மாமா ஜெபம் ஆரம்பித்துவிடுவார் என்று அங்கிருந்தே கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விட்டேன். வழியில் அண்ணனும் தம்பியும் முதல் தடவையாக இதைப் பற்றிப் பேசினார்கள். "அப்பா சொன்னா கிணத்துல குதிப்பியாடா?" என்றார் இவர். "நீ முதல்ல குதிச்ச, அதான் நானும் குதிச்சேன்" என்றார் தம்பி. நடுத்தெருவில் அடித்துக்கொள்வார்களோ என்று நினைத்தேன். அடித்துக்கொண்டிருந்தால்கூட நன்றாயிருக்கும். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள்.

மாமாவுக்கு இனிமேல்தான் தெரியும். நானே சொல்வேன். அவர் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன்.

தத்தெடுக்கச் சொல்லி இனி எழுதாதே. பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்றும் எழுதாதே. நீ சொன்னது நியாயம். நியாயம் சொன்னவளே ஆறுதலும் சொன்னால் என்னால் தாங்க முடியவில்லை. உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். எத்தனை நாள் இருக்கும் என்று தெரியவில்லை. தீர்ந்தால் நானே எழுதுகிறேன். அதுவரை பிள்ளைகள் எழுதட்டும், அவர்களுக்குப் பதில் போடுகிறேன்.

கிளினிக்கில் அதே நர்ஸ்தான் இருந்தாள். சின்னப் பெண். மூவரையும் வரிசையாக உட்காரவைத்து, "நல்லா யோசிச்சீங்களா? அழிச்சிட்டா திரும்பக் கிடைக்காது" என்றாள். தம்பியிடம் "உங்களுக்கு சம்மதமா சார்?" என்று கேட்டாள். சம்மதம் என்றார். இவரிடம் கேட்டாள். சம்மதம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும்மா?" என்றாள்.

"எனக்கு சம்மதமில்ல" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இவர் பதினோரு வருஷத்தில் இல்லாதபடி என் முகத்தைப் பார்த்தார்.

"சம்மதமில்ல. ஆனா அழிச்சிருங்க" என்றேன்.

அக்கா